பூட்டைத் தொலைத்த சாவி

அத்தியாயம் ஏழு

க்ளாரி ட்ரெம்பத்தின் நாற்பத்தோரு கிறிஸ்துமஸ்களுக்கு விலை நூற்றெண்பது டாலர். வாங்குகிற விலை என்று நினைத்துவிடாதீர்கள், தூக்கி எறிகிற கூலி. பில்லில் அப்படித்தான் போட்டிருந்தது: ‘பழைய அலமாரி, அப்புறப்படுத்திய வகையில், 180.’ விலைமதிக்க முடியாத பொருளுக்கு இதுதான் தலையெழுத்து. மதிக்கத் தெரியாதவன் கையில் சிக்கினால் கழித்தல் கணக்கில் போய்விடும்.

பில்லை எங்கள் மேஜைமேல் வைத்தவர் க்ளாரியின் மனைவி நோலா. எழுபத்து நான்கு வயது, புது இடுப்பெலும்பு, பழைய கைத்தடி. எங்கள் துப்பறியும் ஆபீஸ் பிரிஸ்பேனின் ஆனர்லி கடைவீதியில், சலவைக் கடைக்கும் மீன் வறுவல் கடைக்கும் நடுவில், தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னலோடு இருக்கிறது. நோலா உள்ளே வந்து, பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை விட்டுவிட்டு, ஜன்னலோரத்து மெத்தை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அதன் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

“நல்ல நாற்காலி.”

“நம்ம டஸ்டி வாங்கினது. மூணு வாரம் ஆச்சு. ஆபீஸ் காசுல அறுபது டாலர்” என்றார் என் தலைவி வெரா.

“அறுபதா!” நோலா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கெட்டிக்காரப் பையன்.”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வயதில் பையன் என்று ஒருத்தர் சொன்னால் சந்தோஷப்பட வேண்டும். ஏனோ முடியவில்லை.

வெரா டூலன் இருபத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக நஷ்டம் மதிப்பிட்டவர். தீயில் கருகின பியானோவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ‘இந்த வீட்டுல யாருக்கும் வாசிக்கத் தெரியாது’ என்று சொல்லி அரைக் கோடி கோரிக்கையைக் கிழித்துப் போட்ட மனுஷி. நான் ஏலக்கடைக்காரன் மகன். சாமான் தூக்குவேன், வாயாடுவேன். சம்பளம் முதல் வேலைக்கு மட்டும்தான்.

“அஞ்சு வாரம் ஆஸ்பத்திரில கெடந்தேன்” என்று ஆரம்பித்தார் நோலா. “எம் பொண்ணு நரெல் சிட்னில இருக்கா. அம்மா திரும்பி வர்றப்ப ஆச்சரியப்படணும்னு போன்லயே ஒருத்தனை அமத்தி, ஹாலையும் சாப்பாட்டு அறையையும் புதுசு பண்ணச் சொல்லிட்டா. நாலு நாள் முன்ன வந்தேன். ஆச்சரியப்பட்டேன்.”

“பிடிச்சிருந்துதா?” என்று கேட்டேன்.

“சுவரு வெள்ளை, திரை வெள்ளை, சோபா வெள்ளை. ஆபரேஷன்ல செத்துப் போயிட்டேனோன்னு சந்தேகம் வந்துடுச்சு தம்பி. வாசப்படியோட கதவச் சாத்திட்டு அடுக்களைல உக்காந்திருக்கேன். இன்னும் அந்தப் பக்கம் போகல.”

“பழைய சாமான்ல எது வேணும்?” என்றார் வெரா. சுற்றி வளைப்பது அவருக்குப் பிடிக்காது.

“அலமாரி. மத்ததெல்லாம் போனாப் போகுது. ரெண்டு கதவு, மேல ஒரு கண்ணாடி. வலது கதவுக்குப் பூட்டு உண்டு. நவம்பர்லயே கிறிஸ்துமஸ் புட்டிங் பண்ணி, பிராந்தி ஊத்தி, உள்ள வெச்சுப் பூட்டிருவேன். இல்லேன்னா க்ளாரியும் எறும்பும் பங்கு பிரிச்சுக்குவாங்க. கிறிஸ்துமஸ் அன்னிக்கு எல்லாரும் கெளம்பினதும் க்ளாரி அந்தக் கதவுக்கு உள்பக்கம் பென்சிலால ஒரு வரி எழுதுவான். யார் வந்தாங்க, யார் யாரோட முட்டிக்கிட்டாங்க, அவ்வளவுதான். நாப்பத்தொரு வரி.”

“கடைசி வரி?” என்றேன்.

“படிக்கல. எழுதினான், பூட்டினான், ‘அடுத்த கிறிஸ்துமஸ்ல படி’ன்னு சாவிய எங்கிட்டக் குடுத்தான். அடுத்த மார்ச்சுல போயிட்டான், ஏழு வருஷம் ஆச்சு. அதுக்கப்புறம் நான் புட்டிங் செய்யல, தெறக்கவுமில்ல.” கொஞ்சம் நிறுத்தினார். “படிச்சுட்டா முடிஞ்சு போயிடுமில்ல.”

நான் பில்லை எடுத்து மடித்து வைத்தேன்.

“அந்த அலங்காரக்காரன் என்ன சொல்றான்?” என்றார் வெரா.

“சாமான் வாரத்துல தெருவுல வெச்சானாம். எவனோ எடுத்துட்டுப் போயிட்டானாம்.”

சாமான் வாரம் என்றால் வருஷத்துக்கொரு முறை நகராட்சி லாரி வந்து வீட்டின் பெரிய கழிசடைகளை அள்ளும் வாரம். அந்த வாரம் வாசலில் வைத்த பொருள் யாருக்கும் சொந்தமில்லை, ஆகையால் எல்லாருக்கும் சொந்தம். சட்டப்படி தொடக் கூடாது. வழக்கப்படி, நல்ல மேஜையைப் பார்த்தும் வண்டியை நிறுத்தாதவன் பிழைக்கத் தெரியாதவன். அதில் ஒரு பொருள் போனால் போலீஸ் கொட்டாவி விடும்.

நோலா கைப்பையைத் திறந்து ஒரு பித்தளைச் சாவியை மேஜைமேல் வைத்தார். “இது மட்டும் என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்துது.”

“பூட்டுதான தொலைஞ்சது” என்று வெரா எழுந்தார். “முகவரி சொல்லுங்க.”

சொன்னார். எனக்கு ஏனோ இருமல் வந்தது.

*

கட்டைக் கால்கள்மேல் நிற்கும் பழைய மர வீடுகளின் தெரு. ஜகரண்டாப் பூ உதிர்ந்து நடைபாதையே ஊதாவாகக் கிடந்தது. நோலாவை வீட்டில் இறக்கிவிட்டு, பழைய ஹாலில் என்னென்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டு, எதிர்வீட்டில் ஆரம்பித்தோம். கீத் நூனன், ரிடயர்டு பஸ் டிரைவர், காய்ந்துபோன புல்லுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“அலமாரியா? நான் எதையும் பாக்கலியே” என்றார், கேள்வி முடிவதற்குள்.

வெரா அவருடைய வராந்தாவைப் பார்த்தார். அங்கே ஆளுயரத்தில் ஒரு விளக்கு, ரோஜா நிறத் தொப்பியும் குஞ்சலமுமாக, கல்யாணப்பெண் மாதிரி நின்றது.

“விளக்கு அழகா இருக்கே.”

“அதா? என் மாமியாரோடது.”

“உங்க வீட்டம்மா உள்ள இருக்காங்களா?”

“எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல” என்றார் கீத். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

அடுத்த வீட்டில் நோலாவின் தோல் முக்காலிமேல் ஒரு நாய் படுத்திருந்தது. அந்த வீட்டுக்காரரும் எதையும் பார்க்கவில்லை, நாய் மட்டும் நேர்மையாக முழித்தது. அதற்கடுத்த வீட்டு வாசல் சுவரில் இரண்டு களிமண் வாத்துகள் பறந்தன. அந்த ஜாதி அலங்கார வாத்து எங்கள் ஊரில் மூன்றாகத்தான் பறக்கும். மூன்றாவதைப் பற்றிக் கேட்டதும் கதவு சாத்தப்பட்டது.

“தலைவி, நோலாவோட ஹால் காணாமப் போகல. தெரு முழுக்க நீட்டிப் போட்டிருக்காங்க” என்றேன்.

“எல்லாரும் பொய் சொல்றாங்க. ஏன்னா எல்லாரும் எடுத்திருக்காங்க. எடுத்தவன்தான் நல்லாப் பாத்திருப்பான்.” வெரா திரும்பி எதிர்வீட்டுக்கே நடந்தார். “கீத், நான் விளக்குக்காக வரல. அது உங்க மாமியாரோடதாவே இருக்கட்டும். அலமாரிய எடுத்தது யாரு?”

கீத் குழாயை மூடினார். “அலமாரியே வெக்கலம்மா. ஞாயித்துக்கெழம காலைல அஞ்சு மணிலேருந்து இங்கயேதான் உக்காந்திருந்தேன். அவன் ஒவ்வொண்ணா எறக்கறான், நான் ஒவ்வொண்ணா எண்றேன். நோலாவோட அலமாரி எனக்குத் தெரியாதா? வெளிய வந்திருந்தா விட்டிருப்பேனா? என் கைய மீறிப் போனது ஒரே ஒரு நாற்காலி. விளக்கைக் கொண்டுபோய் வெச்சுட்டுத் திரும்பறேன், அதுக்குள்ள எவனோ ஒரு பழுப்பு வேன்காரன் அள்ளிப் போட்டுட்டுப் பறந்துட்டான். திருட்டுப் பய.”

அவர் பார்வை மெதுவாக எங்கள் வேன்மேல் போய் நின்றது. எங்கள் வேன் பழுப்பு.

“தலைவி, நேரமாகுது” என்றேன்.

வெரா சாலையைக் கடந்தார். “வெளிய வெக்கவே இல்ல. அப்ப அவன்தான் வெச்சிருக்கான்.”

“அப்ப அவன் கடைக்குப் போவோம். அடிமாட்டு விலைக்கு வாங்கற மாதிரி நடிச்சு நான் அலமாரிய வெளிய கொண்டாந்துடறேன்.”

“மொதல்ல அந்த அறையப் பாக்கலாம். காணாமப் போன சாமானத் தேடறதுக்கு முந்தி, அது இருந்த எடத்துல இப்ப என்ன நிக்குதுன்னு பாக்கணும்.”

நோலாவின் வாசலில் வேறொரு வேன் நின்றது. பக்கவாட்டில் பிரெஞ்சில் ஒரு பெயர், படிக்க முயன்றால் தும்மல் வரும் ரகம்.

*

அலங்காரக்காரன் ஜாஸ்பர் ஹாலில் குஷன்களைக் குத்திக்கொண்டிருந்தான். குத்தினால்தான் நடுவில் பள்ளம் விழுமாம், பள்ளம் விழுந்தால்தான் பணக்காரத்தனம். கணுக்கால் தெரியும் கால்சட்டை, சாக்ஸ் இல்லாத ஷூ. மூன்று மணிக்கு வீட்டு அலங்காரப் பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வருகிறார்கள், சீக்கிரம் பேசுங்கள் என்றான்.

புத்தகங்களின் முதுகையெல்லாம் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். பெயர் தெரிந்தால் நிறம் கெட்டுவிடுமாம். சுவரில் ‘வீடு’ என்று எழுதிய பலகை ஒன்று, யாராவது மறந்துபோனால் படித்துக்கொள்ள.

“சுவத்துக்கு மட்டும் மூணு வெள்ளை” என்றான். “அன்னத்தின் பெருமூச்சு, ஈரச் சுண்ணாம்பு, மௌனம்.”

“மௌனம் லிட்டர் என்ன விலை?”

“தொண்ணூறு டாலர்.”

“பரவால்ல. எங்க வீட்டுல எவ்வளவு குடுத்தாலும் கெடைக்காது.”

வெரா இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. சாப்பாட்டு அறைச் சுவரோரம் ஒரு வெள்ளை அலமாரி நின்றது. மேலே ஒரு கிண்ணம் நிறைய மெழுகு எலுமிச்சம்பழம். மூலைகளில் வெள்ளையைத் தேய்த்து, உள்ளே மரம் தெரியும்படி முதுமைப்படுத்தியிருந்தான்.

“இது?”

ஜாஸ்பரின் குரல் கோயிலுக்குள் நுழைந்த மாதிரி தணிந்தது. “பிரான்சு. மார்செய் பக்கத்துல ஒரு பண்ணை வீடு. நானே தேடி எடுத்தேன். ஆறாயிரத்து நானூறு. கப்பல் கூலி தொள்ளாயிரத்து அம்பது.”

“இந்த ரெண்டு கதவும் தெறக்குமா?”

“இடது தெறக்கும். வலது பொய்க் கதவு, அழகுக்கு வெச்சது. பிரெஞ்சுக்காரங்க அப்படித்தான்.”

வெரா முட்டியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவர் தரையில் உட்கார்ந்தால் யாருக்கோ நஷ்டம் என்று அர்த்தம்.

“கால்ல என்ன இது, பழுப்பா?”

“காலத்தோட முத்திரை.”

“நாலு கால்லயும், வளையம் போட்ட மாதிரி, ஒரே உயரத்துலயா?”

“காலம் ரொம்ப நேர்த்தியானது அம்மா.”

நானும் குனிந்தேன். பாதத்துக்கு நாலு விரல் மேலே, நாலு கால்களிலும் துருக்கறை வெள்ளையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. எந்த வெள்ளை பூசினாலும் துரு அடங்காது. அது ஏலக்கடையில் எனக்குப் பாலபாடம். இந்த ஊரில் பழைய வீட்டில் தின்பண்ட அலமாரி என்றால் அதன் நாலு காலும் நாலு ஜாம் டப்பாக்களுக்குள் நிற்கும். டப்பாவில் தண்ணீர், மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய். எறும்பு ஏறாது. டப்பா துருப்பிடிக்கும், மரம் அதைக் குடித்துக்கொள்ளும்.

“மார்செய்ல எறும்பு ஜாஸ்தியோ?” என்று கேட்டார் வெரா.

ஜாஸ்பர் ஒரு குஷனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

நான் தேய்த்த மூலையில் எச்சில் தொட்டுத் தடவினேன். மரத்தில் பட்டுத்துணியின் மினுமினுப்போடு புள்ளி புள்ளியாய் ரேகை எழுந்தது. பட்டு ஓக். நம்ம குயின்ஸ்லாந்துக் காட்டு மரம். எங்கப்பா வாழ்நாளில் நானூறு உருப்படி விற்றிருப்பார். பய வெள்ளை பூசியதோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பான். பழசைப் பழசாகக் காட்டுகிறேன் என்று தேய்த்தானே, அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

“தலைவி, இந்த மரத்துக்குப் பிரெஞ்சு வராது. இது நம்ம ஊரு பாஷை பேசுது.”

வெரா வலது கதவின் நடுவில் ஒட்டியிருந்த வெள்ளைக் களிமண் பூவை நகத்தால் நெம்பினார். பட்டென்று கையோடு வந்தது. அடியில் ஒரு சாவித் துவாரம், எங்களை முறைத்தது.

“பொய்க் கதவுக்குப் பூட்டு எதுக்கு ஜாஸ்பர்? சாவி கெடைக்கல, தெறக்க முடியல, ஒடைச்சா விலை போகாது. அதனால பிரெஞ்சாக்கிட்ட.” பிறகு அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். “நோலா, ஒரு நிமிஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு உள்ள வாங்க. சாவியோட.”

கைத்தடிச் சத்தம் மெதுவாக வந்தது. நோலா வாசப்படியில் நின்றார், வெள்ளையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். அலமாரியையும் அதே சுளிப்போடு பார்த்தார். கண்ணாடி போய், கைப்பிடி மாறி, நிறம் மாறி நின்றதை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சாவியை வெரா சொன்ன இடத்தில் வைத்தார். சாவி சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றியது.

கதவு திறந்ததும் பிராந்தி வாசனை வந்தது. ஏழு வருஷத்துப் பிராந்தி. உள்ளே ஒரு பொட்டு வெள்ளை இல்லை. தேன் நிற மரத்தில், மேலிருந்து கீழ்வரை, பென்சில் எழுத்து.

யாரும் பேசவில்லை. தொண்ணூறு டாலர் சமாச்சாரம் அன்றைக்கு ஓசியில் கிடைத்தது.

நோலா வரி வரியாக விரலால் தடவிக்கொண்டே இறங்கினார். கடைசிக்கு முந்தின வரியில் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். “தம்பி, கண்ணாடி அடுக்களைல இருக்கு. நீயே படிச்சுடு.”

மூக்குக்கண்ணாடி அவர் கழுத்தில்தான் தொங்கியது. படித்தேன்.

“‘எல்லாரும் வந்தாங்க. சண்டை இல்ல. வான்கோழி வறண்டு போச்சு. பிரமாதம்னு எல்லாரும் சொன்னோம். இதோட நாப்பத்தொரு தடவை.’”

நோலா அப்படியே நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று வெரா கையை நீட்டினார்.

“நாப்பத்தொரு வருஷம்!” என்று கத்தினார் நோலா. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு, கையில் தடி. “ஒரு பய சொல்லல! ஒவ்வொரு தடவையும் தட்டுத் தட்டா வெச்சேனே, கூட வேணுமான்னு வேற கேட்டேனே! படுபாவி, பூட்டிட்டுப் போயிட்டான் பாரு, பதில் சொல்ல முடியாம!”

இந்த இடத்தில் ஜாஸ்பர் தொண்டையைக் கனைத்தான். “பழைய பொருளுக்கு மறுவாழ்வு குடுக்கறது இப்ப உலகம் முழுக்க...”

“ஒக்காரு” என்றார் வெரா. வெள்ளை சோபாவில் முதல்முறையாக ஒருவன் உட்கார்ந்தான். “மூணு மணிக்குப் பத்திரிகைக்காரங்க வருவாங்கன்னியே. அலமாரியோட பிரெஞ்சுக் கதைய நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

ஜாஸ்பர் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டேகால்.

“அப்ப எழுது. அப்புறப்படுத்தாத அலமாரிய அப்புறப்படுத்தினதுக்கு நூத்தியெண்பது. அவங்க அலமாரிய அவங்களுக்கே வித்ததுக்கு ஆறாயிரத்து நானூறு. அந்தக் கதவுலேருந்து உன் கொட்டாய் வரைக்கும் போயிட்டு வந்த கப்பலுக்குத் தொள்ளாயிரத்து அம்பது. ஏழாயிரத்து ஐநூத்தி முப்பது, இன்னிக்கே நரெல் கணக்குல போய் விழணும்.”

“வெள்ளைய உரிக்கிற கூலி?” என்றேன் நான், வியாபாரி புத்தி.

“அதுக்குக் காசு வேண்டாம்” என்றார் நோலா, ஜாஸ்பர் பக்கம் திரும்பி. “நீயே உரி தம்பி. உன் கையால. நான் அடுக்களைலேருந்து டீ குடிச்சுட்டே பாத்துட்டு இருப்பேன். கண்ணாடியையும் திருப்பி மாட்டிடு. அதையும் பிரான்சுக்கு அனுப்பிட்டியா?”

ஜாஸ்பர் வேனிலிருந்து கண்ணாடியை எடுத்துவரப் போனான். அதை இன்னொரு வீட்டுக்கு இத்தாலியக் கண்ணாடியாக்கப் பாதி பூசி வைத்திருந்தது தெரியவந்தபோது யாருக்கும் ஆச்சரியமில்லை.

சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டே நோலா கேட்டார், “இந்த ஊர்ல எத்தனையோ துப்பறியறவங்க. உங்ககிட்ட ஏன் வந்தேன்னு நீங்க கேக்கவேயில்லையே?”

“ஏன்?” என்றார் வெரா.

“ஆஸ்பத்திரிலேருந்து டாக்ஸில வந்தேன். ஆனர்லி சிக்னல்ல நின்னுது. பாத்தா, உங்க கண்ணாடி ஜன்னல்ல என் நாற்காலி உக்காந்துட்டு இருக்கு. க்ளாரியோட நாற்காலி. கைப்பிடில சிகரெட் சுட்ட எடம் இருக்கு, தடவிப் பாத்தேன். என் சாமான் எங்க போச்சுன்னு ஒருத்தங்களுக்காவது தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சுதான் வந்தேன்.”

வெரா என் பக்கம் திரும்பவேயில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“அறுபது டாலர்” என்றார் சுவரைப் பார்த்து.

“பெட்ரோல் செலவு இருந்துது தலைவி...”

“நாற்காலி இன்னிக்கே இங்க வரணும். அறுபது வெள்ளிக்கெழம சம்பளத்துல போயிடும்.”

நோலா என்னிடம் பென்சில் கேட்டார். கிறிஸ்துமஸ் வரைக்கும் காத்திருக்க முடியாது, அதற்கு முன்னால் க்ளாரி மாதிரி நானும் போய்விட்டால் பதில் யார் எழுதுவது என்றார். அதற்குள் நோலா போட்ட கத்தல் எதிர்வீடு வரை கேட்டுவிட்டதோ என்னவோ, கீத் விளக்கைத் தோளில் சுமந்துகொண்டு படியேறி வந்து, வழியில் கிடந்தது என்றார். பின்னாலேயே முக்காலியும், முக்காலியோடு நாயும், ஒரு பையில் இரண்டு வாத்தும் வந்து சேர்ந்தன. நோலா எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிட்டு, கதவுக்கு முன்னால் குனிந்து, க்ளாரியின் கடைசி வரிக்குக் கீழே எழுதினார்:

‘அலமாரி வெள்ளையா வந்துது. விளக்கு வந்தாச்சு. முக்காலி வந்தாச்சு, நாய் மயிரோட. இந்த வருஷமும் வான்கோழிதான், எல்லாரும் உண்மையச் சொல்லிட்டுத் தின்னணும். பாக்கி: நாற்காலி ஒண்ணு, வாத்து ஒண்ணு.’